தகுதியுள்ள பாம்புகள்

தாராவியில் தளவாய் என்று ஒருவர் இருக்கிறார். அவரிடம் பாம்பு இல்லாமல் இருந்தது. இந்த ஒரு குறையைத் தவிர, மற்றபடி அவரைப் பற்றித் தப்பாக ஒரு சொல் சொல்ல முடியாது.

தொழில் கைப்பை தைப்பது. சந்துக்குள் ஒரு பட்டறை, அதில் சில மிஷின்கள், எதிர்வாடையில் வீடு, வீட்டில் முருகம்மாள். பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. ஆட்டுத்தோலில் பாம்புச் செதில் அச்சுப் போட்டு அவர் தைத்துக் கொடுக்கும் பைகளை வசதியான வீட்டுச் சீமாட்டிகள் தோளில் மாட்டிக்கொண்டு ஜீவகாருண்யக் கூட்டங்களுக்குப் போவார்கள். அசல் பாம்புத்தோல் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் பார்ப்பவர்கள் ஒரு நிமிஷமாவது பயப்பட வேண்டும் என்று ஓர் ஆசை.

பாம்பு இல்லாதது எப்படி ஒரு குறையாகும் என்று கேட்பீர்கள். அதற்கு ரயில் பாதையைத் தாண்டி மாட்டுங்காவுக்குப் போக வேண்டும்.

பம்பாயில் நாகரிகம் உள்ளவர் என்றால் வீட்டில் ஏதாவது ஒரு ஜீவனை வளர்க்க வேண்டும். முதலில் நாய் இருந்தது. பிறகு ஒன்றாம் மாடிக்காரர்கூட நாயைக் கூட்டிக்கொண்டு லிஃப்டில் ஏற ஆரம்பித்ததால் நாயின் மவுசு குறைந்தது. பெர்ஷியப் பூனை, ஆப்பிரிக்கக் கிளி, முதுகில் முள் வைத்த ஓணான் என்று அந்தஸ்து படிப்படியாக ஏறி, கடைசியில் கடித்தால் ஆளைக் கொல்லும் பிராணியில் வந்து நின்றது. மாட்டுங்காவில் மேகத்தைக் கிழித்துக்கொண்டு நிற்கும் ஒரு கட்டடத்தின் உச்சி மாடிக்காரர் இந்த வகையில் முதல் மரியாதைக்கு உரியவர். அவரிடம் மத்திய அமெரிக்கக் காட்டு விரியன் ஒன்று இருந்தது. இரண்டு முழ நீளம், பழுத்த மாம்பழ நிறம், கண்ணுக்கு மேலே இமைமயிர் போலச் செதில்கள். மை தீட்டிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பியது போல இருக்கும். கடித்தால் மருந்து அதன் சொந்த நாட்டிலிருந்து வர வேண்டும். அதுவரை கடிபட்டவர் பொறுமையாக இருக்க வேண்டும்.

ஒருநாள் அது கண்ணாடிப் பெட்டியில் இல்லை. சொந்தக்காரர் கண்ணீரும் கம்பலையுமாக ஒரு வீடியோ போட்டார். "காணவில்லை. பெயர் மேங்கோ. பாசமானது. கண்டால் தொடாமல் கொஞ்சவும்." ஊரே பார்த்தது. சாயங்காலம் அவருடைய வக்கீல் வந்து பேசிவிட்டுப் போன பிறகு வீடியோ மறைந்தது. தனக்கும் பாம்புக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அவர் அறிவித்துவிட்டார்.

இரண்டு விளைவுகள் உண்டாயின. ஒன்று, சீமாட்டிகள் 'மேங்கோ மாடல்' கைப்பை கேட்டார்கள். மஞ்சள் கைப்பிடி, அதில் செதில் அச்சு. தளவாய்க்குப் பெரிய ஆர்டர் கிடைத்தது. தீபாவளிக்கு முன்னால் கொடுத்துவிட்டால் கடைக்காரர் வருஷம் முழுக்க அவரிடமே வேலை தருவார். தவறினால் வேறு பட்டறையைப் பார்த்துக்கொள்வார். இரண்டாவது விளைவு, அரசாங்கம் விழித்துக்கொண்டது.

பொதுமக்களின் உயிரைக் காக்கும் பொருட்டு 'அந்நிய விஷப்பிராணிகள் ஒழுங்குமுறைச் சிறப்புப் பிரிவு' தோற்றுவிக்கப்பட்டது. முதலில் போர்டு வந்தது. பிறகு ஜீப் வந்தது. ஜீப்புக்குப் பிறகு ஆணை வந்தது. இனிமேல் யாரும் புதிதாக விஷப்பிராணி வளர்க்கக் கூடாது. கட்-ஆஃப் தேதிக்கு முன்பிருந்தே வளர்த்து வருவோர் மட்டும் தகுதியுள்ளோராகக் கருதப்படுவர். அவர்களைக் கண்டறிய வீடு வீடாகச் சர்வே நடத்தப்படும். காணாமல் போன பாம்பைத் தேடுவது பற்றி ஆணையில் ஒன்றும் இல்லை. அது சர்வே முடிந்த பிறகு பரிசீலிக்கப்பட வேண்டிய விஷயம்.

சர்வே அதிகாரி வெங்கடேஷ். மாட்டுங்காவில் தாத்தா காலத்திலிருந்து ஆபீஸ் உத்தியோகம் பார்க்கும் குடும்பம். அவர் நேர்மையாக முதலில் உச்சி மாடிக்காரரின் கட்டடத்துக்குத்தான் போனார். வாசலில் காவலாளி தடுத்து, "எந்த ஃப்ளாட்?" என்றான். "எல்லா ஃப்ளாட்டும்" என்றார் வெங்கடேஷ். எல்லா ஃப்ளாட்டுக்கும் அவன் செல்போனில் அனுமதி கேட்டான். ஒருவரும் கொடுக்கவில்லை. வெங்கடேஷ் வெயிலில் நின்று பார்த்துவிட்டு, 'மேற்படி கட்டடத்தில் விஷப்பிராணி எதுவும் இல்லை' என்று குறித்துக்கொண்டு, அனுமதி கேட்காமல் நுழையக்கூடிய ஒரே இடமான தாராவிக்கு வந்தார்.

தாராவிக்காரர்களுக்குச் சர்வே என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். பில்டிங் வருகிறது, வீடு கிடைக்கும் என்று எத்தனையோ சர்வே பார்த்தவர்கள். பேர் விட்டுப்போனவன் கதி என்ன என்று தெரிந்தவர்கள். ஆகவே சர்வே எதற்கு என்று கேட்கும் பழக்கம் அங்கே கிடையாது. பேரைச் சேர்த்துவிட வேண்டும். எதற்கு என்று பிறகு நிதானமாகத் தெரிந்துகொள்ளலாம்.

வெங்கடேஷ் முதலில் நுழைந்தது, தளவாய் பட்டறைக்கு ஒட்டின சுவரில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் காசிமிடம்.

"உங்ககிட்ட வெளிநாட்டு விஷப்பிராணி ஏதாவது இருக்கா?"

காசிம் யோசிக்கவே இல்லை. "எந்த தேதிக்கு முன்னால இருக்கணும் ஸார்?"

வெங்கடேஷ் தேதியைச் சொன்னார்.

"அதுக்கு ரொம்ப முந்தியே இருக்கு ஸார். மூணு எழுதுங்க. கீழ ஒண்ணு, மேல மாளாவுல ஒண்ணு, எங்க மாமியாவுக்குத் தனியா ஒண்ணு."

"மாமியாருக்கு எதுக்குத் தனியா?"

"அவுகளுக்குத் தனி அடுப்பு ஸார்."

தனி அடுப்பு என்றால் தனிக் குடும்பம். தனிக் குடும்பம் என்றால் தனிப் பாம்பு. சர்வே விதிப்படி இதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. "என்ன நிறம்?" என்றார் வெங்கடேஷ். காசிம் எட்டிப் பார்த்தார். பட்டறை வாசலில் மஞ்சள் கைப்பிடிகள் காய்ந்துகொண்டிருந்தன. "மஞ்சள் ஸார்."

"பார்க்கலாமா?"

"தூங்குது ஸார்."

'நேரில் பார்வையிடப்பட்டது' என்று எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. சந்தில் பாம்பு இல்லாத வீடே இல்லை. இட்லிக்கார மாரீஸ்வரியிடம் ஒன்று, மாவு மில்லில் ஒன்று, பூட்டிக் கிடந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டார் பெருந்தன்மையோடு ஒன்று. எல்லாம் மஞ்சள். தளவாய் முறை வந்தது.

"எங்ககிட்ட பாம்பு இல்ல ஸார்."

வெங்கடேஷுக்கு இந்த மாதிரி ஓர் ஆளைப் பார்த்துப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. "நன்னா யோசிச்சுப் பாருங்கோ."

"இல்ல ஸார்."

"சின்னதா ஒரு தேள்?"

"இல்லாதத இருக்குன்னு எப்படி ஸார் எழுதச் சொல்லுவேன்?"

வெங்கடேஷ் அனுதாபத்தோடு 'தகுதியற்றவர்' என்று எழுதிவிட்டு நகர்ந்தார். முருகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு என்ன, கோட்டி புடிச்சிருக்கா? ஊரே எழுதுது. நாளைக்கு பாம்பு இருக்கவனுக்குக் கூட ஒரு ரூம் குடுக்கான்னா, நாம எங்க போய் நிக்க?"

"பாம்புக்கு எதுக்கு ஏட்டி ரூம்?"

"அதெல்லாம் சர்க்காருக்குத் தெரியும். நீங்க தைச்சுட்டே இருங்க."

தளவாய் தைத்துக்கொண்டே இருந்தார். சர்வே முடிந்து பட்டியல் ஒட்டப்பட்டது. சந்துக்காரர்கள் தங்கள் பேருக்கு எதிரே 'பாம்பு ஒன்று' என்று இருப்பதைப் பார்த்து ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டார்கள். இரண்டு வீட்டில் பாயசம்கூட வைத்தார்கள். அந்த வாரத்தில்தான் காசிம் கடைக்கு மாட்டுங்காக் கட்டடத்திலிருந்து ஒரு வண்டி பழைய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது.

மறுநாள் காலையில் தளவாய் பைக்கு மாட்டுவதற்காகக் குவியலில் இருந்து ஒரு கைப்பிடியை எடுக்கக் கையை நீட்டினார். கைப்பிடி அவரைப் பார்த்தது. அதற்கு இமைமயிர் இருந்தது.

அவர் எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. வேலைக்காரர்கள் மிஷினைப் போட்டது போட்டபடி விட்டு அவருக்கு முன்னால் வந்திருந்தார்கள். கதவைச் சாத்திப் பூட்டினார். உள்ளே தீபாவளி ஆர்டர் பாதி தைத்தும் தைக்காமலும் கிடந்தது.

செம்பூரிலிருந்து பாம்பு பிடிப்பவர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார். "நல்ல பாம்பு, சாரைன்னா சொல்லுங்க, கையால புடிக்கேன். இது ஃபாரின். சர்க்காரு புதுச் சட்டம் வந்த பொறவு சொந்தக்காரர் கையெழுத்து இல்லாம தொட்டா என்னைய உள்ள தள்ளிருவான்." சொந்தக்காரரோ ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றவர். தளவாய் நேரே சிறப்புப் பிரிவுக்கு ஓடினார்.

"ஸார், பாம்பு எங்க பட்டறையில இருக்கு! நீங்க தேடுத அதே பாம்பு!"

வெங்கடேஷ் பட்டியலைப் புரட்டினார். "உங்க பேர்ல பாம்பு இல்லையே."

"அதான் ஸார், இப்ப வந்துருக்கு."

"இப்ப வந்ததா? கட்-ஆஃபுக்கு அப்புறமா?" வெங்கடேஷின் குரல் இறங்கியது. "அப்போ நீங்க புதுசா விஷப்பிராணி வளர்க்கறேள். தண்டனைக்குரிய குத்தம். ஏதோ தெரிஞ்ச மனுஷர்ங்கறதால காதுல விழாத மாதிரி இருக்கேன்."

"நான் வளக்கல ஸார். எடுத்துட்டுப் போயிருங்கன்னு கும்புடுதேன்."

"தகுதியுள்ள பாம்பைத்தான் நான் எடுக்க முடியும். இது ஆக்கிரமிப்பு. ரெக்கார்டு படி உங்க பட்டறைல பாம்பே இல்லை. ஆத்துக்குப் போய் நிம்மதியா வேலையைப் பாருங்கோ."

பாம்பு இருக்கும் ஒரே மனிதரிடம் பாம்பு இல்லை என்றும், இல்லாத சந்து முழுவதிலும் பாம்பு இருக்கிறது என்றும் அரசாங்கம் தீர்மானித்த பிறகு ஒரு தனிமனிதர் என்ன செய்வார்? தளவாய் பூட்டின பட்டறை வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கடைக்காரர் போன் மேல் போன் போட்டார். வேலைக்காரர்களில் ஒருவன் வேறு பட்டறைக்குப் போய்விட்டான். பேசாமல் அன்றைக்கே ஒன்று எழுதச் சொல்லியிருக்கலாம் என்று முதல்முறையாகத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டார்.

அந்த நேரத்தில் சிறப்புப் பிரிவின் மேலிடம் பட்டியலைக் கூட்டிப் பார்த்து மயங்கி விழுந்தது. ஒரே சந்தில் இத்தனை விஷப்பாம்பா? உடனே இரண்டாவது ஆணை பிறந்தது. தகுதியுள்ளோர் அனைவரும் தத்தம் பாம்பை நேரில் காட்டிப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். காட்டத் தவறினால், விஷப்பிராணியைத் தப்பவிட்டுப் பொதுமக்கள் உயிருக்கு ஆபத்து விளைவித்ததாக வழக்கு, ஜாமீன் கிடையாது.

சந்தில் பாயசம் வைத்த வீடுகளில் அன்று அடுப்பே எரியவில்லை. காசிம் தளவாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, மூணு பாம்புக்கு மூணு கேஸு. எங்க மாமியா உள்ள போனா நான் சமாளிச்சுருவேன். நான் உள்ள போனாத்தான் கஷ்டம்."

"அதுக்கு நான் என்ன செய்ய காசிம் பாய்? என் பட்டறையே பூட்டிக் கெடக்கு."

"உங்ககிட்டதான இருக்கு அசலு! அத எங்களுக்கு ஒருநாள் இரவலு குடுங்க. பொறவாசல்ல சாக்கடை ஓடுத கட்டர் வழியா வீடு வீடா கைமாத்தி விட்டுருவோம். கடைசியில என் பாம்ப நான் சர்க்காருக்கே தானமா ஒப்படைச்சுருதேன். என் பாம்பு தகுதியுள்ள பாம்புல்லா? ஸார் எடுத்துட்டுப் போயிருவாரு. நீங்க பட்டறையத் தெறந்துரலாம்."

தளவாய்க்கு இது அயோக்கியத்தனம் என்று பட்டது. எதிர்வாசலில் இருந்து முருகம்மாள் பார்த்த பார்வையில், தீபாவளி ஆர்டரும் பட்டது. "சரி" என்றார்.

காசிம் சாமான் பொறுக்கும் நீள இடுக்கியால், கண்ணை மூடித் திறந்து, பாம்பைப் பிடித்து மிட்டாய்க்கடைப் பிளாஸ்டிக் ஜாடிக்குள் இறக்கினார். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டார்கள். மேங்கோ சுருண்டு படுத்துக்கொண்டது. உச்சி மாடியில் இருந்ததைவிடக் காற்றோட்டம் நன்றாக இருந்திருக்க வேண்டும்.

வெங்கடேஷ் கேமராவோடு வந்தார். வந்ததும் சட்டப் பிரச்சினை ஒன்றைக் கிளப்பினார். ஒவ்வொரு வீட்டிலும் பாம்பைப் பார்த்ததற்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும். சாட்சிக்குப் பாம்பு இருக்கக் கூடாது. இருந்தால் நடுநிலை கெட்டுவிடும். சந்து முழுவதிலும் பாம்பு இல்லாத ஆள் ஒரே ஒருவர்தான்.

"நானா ஸார்?"

"நாணயமானவர்னு எனக்குத் தெரியும். வாங்கோ."

ஆக, பொய் சொல்ல மாட்டேன் என்று நின்ற தளவாய், சந்திலுள்ள ஒவ்வொரு பொய்க்கும் கையெழுத்துப் போடக் கிளம்பினார். கூச்சத்தில் அவர் ஜாடியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

முதல் வீடு காசிம் வீடு. வெங்கடேஷ் கேமராவைத் தூக்கிவிட்டுத் தாழ்த்தினார். "ஜாடி மினுக்கறது. முகம் விழலை. மூடியைத் திறங்கோ."

"ஸார், விஷம்..."

"விஷம்னு தெரிஞ்சுதானே வளர்க்கறேள்? முகம் தெரியாத போட்டோவைக் கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

காசிம் அல்லாவை நினைத்துக்கொண்டு மூடியைத் திறந்தார். கீழேயும், மாளாவிலும், மாமியார் அடுப்படியிலும் போட்டோ எடுத்தாயிற்று. அதிகாரியும் சாட்சியும் முன்வாசலால் வெளியே வந்து அடுத்த வீட்டுக்குள் நுழைவதற்குள், ஜாடி பின்வாசலால் புறப்பட்டு அவர்களுக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. அங்கேயும் மூடி திறந்தது. அதற்கடுத்த வீட்டிலும்.

"எல்லாம் ஒரே ஜாடையா இருக்கே?" என்றார் வெங்கடேஷ்.

"ஒரே ஊர்க்காரங்க ஸார்" என்றாள் மாரீஸ்வரி.

இந்தப் பதில் அவருக்குத் திருப்தியாக இருந்தது. தாராவியில் ஒரு சந்து என்றால் ஓர் ஊர்க்காரர்கள்தானே. பாதிச் சந்து தாண்டியதும் பாம்புகளின் ஒழுக்கம் கூடிக்கொண்டே போவதாக வேறு அவர் கவனித்தார். முதல் வீடுகளில் நெளிந்தது, நாக்கை நீட்டியது. பின் வீடுகளில் அசையாமல் போஸ் கொடுத்தது. மாவு மில்லில் ஜாடிக்குள் மூக்கை விட்டே போட்டோ எடுத்தார். "இது ரொம்ப சாது. நன்னா வளர்த்திருக்கேள்" என்று பாராட்டினார். மாவு மில்காரர் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. பணிவு என்று வெங்கடேஷ் நினைத்துக்கொண்டார்.

கடைசியாக, காசிம் தன் பாம்பைச் சர்க்காருக்கு ஒப்படைக்கும் வைபவம் பட்டறை வாசலில் நடந்தது. சந்து முழுக்கக் கூடி நின்றது. வெங்கடேஷ் ஜாடியைத் தளவாய் கையில் கொடுத்தார். "இது மட்டும் அரசாங்கச் சொத்தாகப் போறது. நன்னாப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்கோ."

தளவாய் அன்றைக்கு முதல்முறையாக ஜாடிக்குள் நன்றாகப் பார்த்தார். மாம்பழ மஞ்சள். செதில் அச்சு. நடுவில் இரட்டைத் தையல். ஓரத்தில் நூல் இழுத்திருந்ததை அவர் தன் பல்லால் கடித்துத் துண்டித்த இடம்கூட அப்படியே இருந்தது.

தலையைத் தூக்கினார். கூடி நின்ற அத்தனை பேரும் அவரைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். காசிம் ஆகாயத்தைப் பார்த்தார். மாரீஸ்வரி சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் மாற்றி நின்றாள். எந்த வீட்டில் மூடி திறந்தபோது பாம்பு இறங்கிப் போனது, யார் இந்தக் கைப்பிடியை உள்ளே போட்டு வாயை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குத் தள்ளியது, எத்தனை வீட்டார் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தார்கள், ஒன்றும் புரியவில்லை. கேட்டால் ஒருவரும் சொல்லப்போவதில்லை.

"என்ன யோசனை? உயிரோட இருக்கோல்லியோ?" என்றார் வெங்கடேஷ்.

சொன்னால் சந்து முழுக்க ஜெயில். வெங்கடேஷுக்கு வேலை போகும். பட்டறை சீல் ஆகும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் எல்லோருக்கும் முன்னால் போவார். முருகம்மாள் கூட்டத்துக்குள்ளிருந்து இருமினாள்.

"இருக்கு ஸார்" என்றார் தளவாய். கையெழுத்துப் போட்டார்.

வெங்கடேஷுக்கு மனம் குளிர்ந்தது. "உங்களை மாதிரி நாணயஸ்தர்களைக் கவனிக்கலேன்னா எப்படி?" என்று, மேல்முறையீட்டில் சேர்த்ததாகக் காட்டி, அங்கேயே பட்டியலில் தளவாய் பேருக்கு எதிரே திருத்தி எழுதினார்: 'தகுதியுள்ளவர். பாம்பு ஒன்று.' பிறகு ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார். கைப்பிடி இன்றும் சிறப்புப் பிரிவில்தான் இருக்கிறது. சாப்பாட்டுச் செலவு மாதாமாதம் பாஸாகிறது.

சந்தில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பட்டப்பகலில் கையில் கம்பும் டார்ச்சுமாகக் கட்டிலுக்கடியில் குனிந்து நிற்கிறார்கள். கேட்டால், "சும்மா பெருக்குதேன்" என்கிறார்கள். தண்ணீர்க் குழாயில் பார்த்துக்கொண்டால், "உங்க பாம்பு சொகமா இருக்கா?" என்று கேட்கிறார்கள். "சொகமா இருக்கு. உங்களுது?" என்று பதில் வருகிறது. குழந்தைகளை மட்டும் தரையில் இறக்கி விடுவதில்லை.

பட்டறையைத் திறந்தாயிற்று. மஞ்சள் கைப்பிடிகள் குவியலாக நடுவில் கிடக்கின்றன. வேலைக்காரர்கள் சுற்றி நிற்கிறார்கள். யாரும் கையை நீட்டவில்லை.

"என்ன பராக்குப் பாத்துட்டு நிக்கிய? எடுத்துத் தைங்க. தீபாவளி வந்துட்டுல்லா?" என்றாள் முருகம்மாள்.

"ஏட்டி, பாம்பு எங்கன கெடக்குன்னே தெரியல. எப்படிக் கைய விட?"

அவள் பதறிப்போய்க் கதவைச் சாத்தினாள். "மெதுவாப் பேசுங்க! நம்ம பாம்பு காணலன்னு எவன் காதுலயாவது விழுந்துரப்போவுது."

இப்போது தளவாயிடமும் பாம்பு இருக்கிறது. எங்கே என்பதுதான் தெரியவில்லை.